மரக்கறியைப் பற்றி இன்னும் இரண்டு வருடம் படிக்க வேண்டுமா?



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது ஒரு நானா என் கையைப் பிடித்தார். ஊரில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் எங்கள் பாடசாலையில் உயர்தரம் படித்து, விவசாய பீடத்துக்குத் தெரிவாகி, நல்ல பெறுபேற்றோடு பட்டம் முடித்த பிள்ளை. இப்போது பூங்கனியியலில், அதாவது பழம், மரக்கறி, பூச்செடி வளர்க்கும் விஞ்ஞானத்தில், முதுமாணி செய்ய இடம் கிடைத்திருக்கிறது.

"சேர், புள்ள டிகிரிய முடிச்சிட்டா, அல்ஹம்துலில்லாஹ். இனியும் ரெண்டு வருசம் மரக்கறியப் பத்திப் படிக்க என்னத்துக்கு? நான் முப்பது வருசமா மரக்கறி விக்கிறன். ஒரு பாடமும் படிக்கல்லயே."

அவர் கோபத்தில் கேட்கவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கேட்டார். சனம் சுற்றி நிற்க, அந்த இடத்தில் நீண்ட கதை சொல்ல முடியவில்லை. "நானா, நான் எழுதிப் போடுறன், ஆறுதலா வாசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் அந்தப் பதில். பிள்ளைக்கு வைத்தியத்துறை கிடைக்காமல் விவசாயம் கிடைத்துவிட்டது என்று வீட்டை மையத்து வீடு போல வைத்திருக்கும் எல்லா வாப்பா உம்மாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் கறுப்பின விஞ்ஞானி. கச்சானில் இருந்து முந்நூறு பொருள் செய்தவர் என்று சொல்வார்கள். கச்சான் பட்டரைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று நானும் பல வருடங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பிழை. கச்சானை அரைத்துப் பசையாக்கும் முறைக்குக் கனடாவின் மார்செலஸ் எட்சன் 1884 இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அப்போது கார்வர் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

கச்சான் கதை பெரிதாகிப் போனதில் அவருடைய உண்மையான கதை மறைந்துவிட்டது. அந்தக் கதையின் நடுவில் ஒரு பல்கலைக்கழகப் பச்சைவீடும், இரண்டு வருட முதுமாணிப் படிப்பும் இருக்கின்றன.

கார்வர் பிறந்தது 1864 அளவில், மிசூரி மாநிலத்தின் டயமண்ட் என்ற இடத்துக்கு அருகில். தாய் மேரி ஓர் அடிமை. மோசஸ் கார்வர் என்ற வெள்ளையின விவசாயி அவரை விலைக்கு வாங்கியிருந்தார். உள்நாட்டு யுத்த காலம். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே கொள்ளைக்காரர் வந்து தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். பிள்ளை மட்டும் கிடைத்தது. அதற்கு ஈடாக ஒரு குதிரை கைமாறியது என்பார்கள். தாயைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு உடம்பு தாங்கவில்லை. வீட்டில் சமையல், துணி துவைத்தல், தையல் என்று பழகினார். மிச்ச நேரத்தில் காட்டுக்குள் தனக்கென ஒரு சிறு தோட்டம் வைத்திருந்தார். அயலவர்கள் வாடிப்போன செடிகளைக் கொண்டுவந்து அவரிடம் காட்டுவார்கள். அந்த வயதிலேயே அவருக்குச் "செடி வைத்தியர்" என்று பெயர்.

பக்கத்துப் பாடசாலையில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. சுமார் 8 மைல் தொலைவில் இருந்த நியோஷோ என்ற ஊருக்குத் தனியாகப் போனார். அங்கே ஒரு கறுப்பினத் தம்பதியினர் வீட்டில் வேலை செய்துகொண்டு படித்தார். பிறகு கான்சாஸ் மாநிலம். அங்கே ஃபோர்ட் ஸ்கொட் நகரில் ஒரு கறுப்பின மனிதனை வெள்ளையர் கூட்டமொன்று அடித்துக் கொல்வதைக் கண்ணால் கண்டு, அந்த ஊரை விட்டே போய்விட்டார். ஊர் ஊராகத் துணி துவைத்து, சமைத்துக் கொடுத்து, அந்தக் காசில் படித்தார்.

1885 அளவில் கான்சாஸில் ஹைலண்ட் என்ற கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கடிதத்தில் அனுமதி வந்தது. சந்தோஷமாகப் போய் நின்றார். ஆளைப் பார்த்ததும் "நீ கறுப்பு என்று எழுதவில்லையே" என்கிற பாணியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகுதி இருந்தும் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்படுவது எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு சில வருடங்கள் படிப்பை விட்டு, கான்சாஸில் அரச காணி எடுத்து, மண் கட்டிகளால் வீடு கட்டி விவசாயம் செய்தார். 1890 இல்தான் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. கட்டணம் கட்டிய பிறகு கையில் 10 சதம்தான் மிச்சம், அதில் 5 சதத்துக்குச் சோளமாவும் 5 சதத்துக்குக் கொழுப்பும் வாங்கி ஒரு வாரம் ஓட்டினேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். ஊராரின் துணி துவைத்துத்தான் அங்கேயும் படித்தார். படித்தது ஓவியமும் பியானோவும்.

அங்கே ஓவிய ஆசிரியை எட்டா பட். நல்ல ஆசிரியை என்றால் யார் என்பதற்கு நான் இவரைத்தான் காட்டுவேன். கார்வர் பூக்களை வரைவதில் கெட்டிக்காரர். ஆனால் வரைகிற செடிகளை அவர் எப்படி வளர்க்கிறார், எப்படி ஒட்டுகிறார் என்பதையும் இந்த ஆசிரியை கவனித்தார். "ஓவியத்தை வைத்து ஒரு கறுப்பின மனிதன் இந்த நாட்டில் சாப்பிட முடியாது, நீ ஏம்ஸ் நகருக்குப் போ" என்று வழிகாட்டினார். ஏம்ஸில் இருந்த அயோவா விவசாயக் கல்லூரியில் அவருடைய தந்தை ஜோசப் பட் பூங்கனியியல் பேராசிரியர்.

இந்த இடத்தில் அந்தக் கல்லூரி எப்படி வந்தது என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1862 இல் மொரில் சட்டம் என்று ஒன்று வந்தது. மாநிலங்களுக்கு மத்திய அரசு காணி கொடுத்தது. அதை விற்று, விவசாயமும் கைத்தொழிலும் படிப்பிக்கும் கல்லூரிகளை அமைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் அயோவா. அதுவரை பல்கலைக்கழகம் என்றால் மதம், சட்டம், வைத்தியம், பழைய மொழிகள். மண்வெட்டி பிடிக்கிறவனின் பிள்ளைக்கும், மண்வெட்டியைப் பற்றிய அறிவுக்கும் அங்கே இடம் கொடுத்தது இந்தச் சட்டம்தான்.

1887 இல் ஹட்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் விவசாயப் பரிசோதனை நிலையம் நடத்த வருடத்துக்கு 15,000 டொலர். இந்தக் காசு வந்த பிறகுதான் கல்லூரிகளில் பரிசோதனைத் தோட்டமும், பச்சைவீடும், சம்பளத்துக்கு உதவியாளர்களும் வந்தார்கள். பட்டம் முடித்த ஒரு ஏழைப் பிள்ளை சம்பளம் வாங்கிக்கொண்டே மேலே படிக்கிற வழி இப்படித்தான் திறந்தது. முதுமாணி என்பது காசுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்றிருந்தால் கார்வர் என்ற பெயர் நமக்குத் தெரியவந்திருக்காது.

1891 இல் கார்வர் ஏம்ஸுக்குப் போனார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர். விடுதியில் இடமில்லை, ஓர் அலுவலக அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் மற்ற மாணவர்களோடு உட்கார விடவில்லை. நிலக்கீழ் அறையில் வேலைக்காரர்களோடு சாப்பிடச் சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்டு, முன்பிருந்த ஊரில் பழக்கமான ஒரு வெள்ளையினப் பெண்மணி நல்ல உடுப்பு உடுத்தி ரயிலேறி வந்தார். நாள் முழுக்கக் கார்வரோடு கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிலக்கீழ் அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சண்டை பிடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது என்று கார்வர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

பேராசிரியர் பட் சாதாரண ஆளல்ல. அயோவாவின் கடும் குளிரில் அப்பிள் மரங்கள் செத்துப்போவதைப் பார்த்து, குளிர் தாங்கும் இனங்களைத் தேடி 1882 இல் ரஷ்யா வரை போய்வந்தவர். இவரிடம் கார்வர் கற்றது ஒட்டுதலும் கலப்பினமாக்கலும். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் வைத்து, விதை எடுத்து, முளைக்க வைத்து, பல பருவம் காத்திருந்து, எது நல்லது என்று தெரிவுசெய்யும் பொறுமை. 1894 இல் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் பொருளே மனிதன் தாவரங்களை எப்படி மாற்றியமைக்கிறான் என்பதுதான். ஓவியத்தை அவர் கைவிடவும் இல்லை. 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் ஒன்று பாராட்டுப் பெற்றது.

இப்போது நானாவின் கேள்விக்கு வருவோம். பட்டம் முடிந்தாயிற்று. பிறகு எதற்கு இன்னும் இரண்டு வருடம்?

கார்வர் இருந்துவிட்டார். கல்லூரி அவரைத் தாவரவியல் உதவியாளராக நியமித்துப் பச்சைவீட்டின் பொறுப்பைக் கொடுத்தது. முதலாம் வருட மாணவர்களுக்குப் படிப்பித்தார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின ஆசிரியரும் அவரே ஆனார். கூடவே லூயி பமல் என்ற தாவரவியலாளரின் கீழ் முதுமாணி ஆய்வு.

பமலிடம் அவர் படித்தது பங்கசுகள். இலையில் வரும் புள்ளி, தண்டில் வரும் அழுகல், பழத்தில் வரும் பூஞ்சணம். செடி ஏன் வாடுகிறது என்று சின்ன வயதில் அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார். இங்கே நுணுக்குக்காட்டியில் பார்த்து, எந்தப் பங்கசு, அது எங்கிருந்து பரவுகிறது, எப்படித் தடுப்பது என்று சொல்லக் கற்றார். "செடி வைத்தியர்" என்ற பட்டப்பெயர் அப்போதுதான் உண்மையாகியது. பமலோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மாதிரிகள் சேகரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பமலே பாராட்டினார். பின்னாளில் அவர் சேகரித்த சில பங்கசுகளுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

நானா, பட்டத்துக்கும் முதுமாணிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பட்டப்படிப்பில் மற்றவர்கள் கண்டுபிடித்ததைப் படிக்கிறோம். முதுமாணியில், யாரும் இன்னும் பதில் சொல்லாத ஒரு சின்னக் கேள்வியை எடுத்து, தோட்டத்திலும் ஆய்வுகூடத்திலும் நின்று, நாமாகப் பதில் தேடப் பழகுகிறோம். தேடிய பதில் பிழைத்தாலும் தேடுகிற பழக்கம் கையில் நிற்கும்.

ஏம்ஸில் இருந்த காலத்தில் ஒரு சின்னப் பையனைக் கார்வர் காடு மேடெல்லாம் கூட்டிக்கொண்டு போய்ப் பூ, புல் எல்லாம் காட்டுவார். ஒரு சக ஆசிரியரின் மகன், பெயர் ஹென்றி ஏ. வொலஸ். அந்தப் பையன் வளர்ந்து கலப்பினச் சோள விதையில் முன்னோடியாகி, அமெரிக்காவின் விவசாயச் செயலாளராகி, 1941 முதல் 1945 வரை துணை ஜனாதிபதியாகவும் இருந்தான். செடிகளில் தனக்கு ஆசை வந்ததற்குக் கார்வரைத்தான் காரணமாகச் சொன்னான். ஆசிரியர்களாகிய நாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விடயம் இது.

1896 இல் முதுமாணி கிடைத்தது. ஏம்ஸில் தொடர்ந்து இருந்திருந்தால் வசதியான வாழ்க்கை: நல்ல பச்சைவீடு, மதிக்கிற பேராசிரியர்கள், ஒழுங்கான சம்பளம். அப்போதுதான் புக்கர் டி. வாஷிங்டனிடமிருந்து கடிதம் வந்தது. அவரும் அடிமையாகப் பிறந்தவர். அலபாமாவில் டஸ்கிகீ என்ற இடத்தில் 1881 முதல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கல்வி நிறுவனம் நடத்தி வந்தார். விவசாயப் பகுதியைப் பொறுப்பெடுக்க வருமாறு அழைத்தார். சம்பளம் வருடத்துக்கு 1,000 டொலர்.

கார்வர் போனார். அங்கே ஆய்வுகூடம் என்று ஒன்றுமே இருக்கவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேடுகளில் போத்தல், கிண்ணம், உடைந்த சாமான்கள் பொறுக்கி வந்து ஆய்வுகூடம் செய்தார்.

சுற்றிவர இருந்த விவசாயிகளின் நிலை அதைவிட மோசம். அடிமைத்தனம் ஒழிந்து முப்பது வருடமாகியும் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை. வெள்ளையின முதலாளியின் காணியில் பங்குக்கு விவசாயம் செய்வார்கள். விதை, சாப்பாடு எல்லாம் கடனுக்கு. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மட்டும் மிஞ்சும். கடன் கொடுப்பவர் கேட்பது பருத்தி. ஆகவே வீட்டு வாசல்படி வரைக்கும் பருத்தி. ஒரே பயிரை வருடக்கணக்கில் போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது.

ஏம்ஸில் படித்தது இங்கேதான் வேலை செய்தது. அவரை இனப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் இருக்கும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குப் பயன்படும்படி பிடித்துத் தருகிறது என்பதை ஜேர்மன் விஞ்ஞானிகளான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880 களின் பிற்பகுதியில்தான் நிறுவினார்கள். கார்வர் மாணவராக இருந்த காலத்தில் அது புத்தம்புதுச் செய்தி. அதை அவர் அலபாமாவின் செத்த மண்ணுக்குக் கொண்டுபோனார். பசளை வாங்கக் காசில்லாதவன் கௌப்பியும் கச்சானும் போட்டு மண்ணுக்கு உயிர் கொடுக்கலாம். வத்தாளைக் கிழங்கு போட்டால் வீட்டில் பசி தீரும். காட்டில் உதிர்ந்த இலையும் சதுப்பு நிலச் சேறும் சேர்த்துக் கூட்டெரு செய்யலாம். எல்லாம் காசு செலவில்லாத வழிகள். கச்சானும் இந்தப் பட்டியலில் ஒன்றாகத்தான் வந்தது. சனங்கள் கச்சான் போட்டார்கள், அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குத்தான் சமையல் குறிப்புகள். 1916 இல் அவர் வெளியிட்ட துண்டுநூலில் கச்சானை எப்படிப் பயிரிடுவது என்பதோடு சாப்பிட 105 வழிகளும் இருந்தன.

இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு நூல்கள், பாமர விவசாயிக்கு விளங்கும் மொழியில் எழுதினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு 1906 இல் இருந்து ஒரு குதிரை வண்டி. அதில் கலப்பை, விதை, பால் கடையும் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ச் செய்து காட்டினார்கள். விவசாயி பல்கலைக்கழகத்துக்கு வர முடியாவிட்டால் பல்கலைக்கழகம் விவசாயியின் வளவுக்குப் போகட்டும் என்பதுதான் யோசனை.

அவரை மலக்கு மாதிரிக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. டஸ்கிகீக்கு வந்த புதிதில், தன் சேகரிப்புகளை வைக்க இரண்டாவது அறை கேட்டதால் மற்ற ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். நிர்வாகம் அவருக்குச் சரிவராது. கோழிப்பண்ணைக் கணக்கு விடயத்தில் வாஷிங்டனிடம் பலமுறை ஏச்சு வாங்கினார். அவருடைய கச்சான் பொருட்களில் சந்தையில் வெற்றி பெற்றது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பங்குக்கு விவசாயம் செய்யும் முறையையும் அவரால் மாற்ற முடியவில்லை. காணி இல்லாதவனுக்குக் கூட்டெரு மட்டும் காணி வாங்கித் தராது.

ஆனாலும் 47 வருடங்கள் அங்கேயே இருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காட்டுக்குள் நடந்து செடி பொறுக்கிக்கொண்டு வருவார். நாம் சுபஹுக்கு எழும்பும் நேரம். கலாநிதிப் பட்டம் படித்துப் பெறவில்லை. 1928 இல் சிம்ப்சன் கல்லூரி கௌரவப் பட்டம் கொடுத்தது. 1943 ஜனவரி 5 ஆம் திகதி இறந்தார். சேமித்த காசை ஆராய்ச்சிக்கென்றே எழுதி வைத்துவிட்டார். குதிரைக்கு ஈடாக மீட்கப்பட்ட அந்தப் பிள்ளை பிறந்த இடம் அதே வருடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையில் நான் கண்ட விடயம் ஒன்றுதான். கார்வரின் சமூகத்துக்கு விவசாயம் தெரியாமல் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள்தான் அந்த நாட்டின் பருத்தியை விளைவித்தவர்கள். வேலை தெரிந்த ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். மண் ஏன் சாகிறது என்று கேட்டு, பதிலை ஆராய்ந்து, அவர்களுடைய பாஷையில் திருப்பிச் சொல்ல அவர்களுக்குள் இருந்தே படித்த ஒருவர் தேவைப்பட்டார்.

நானா, ஒரு விடயம் கேட்கிறேன். தம்புள்ளையில் இருந்து உங்களுக்கு வரும் தக்காளிச் சாக்கைத் திறந்தால் அடியில் கிடப்பது நசிந்து, மஞ்சள் தண்ணி வடிந்து கிடக்கும். மழைக்காலத்தில் மேலே பூஞ்சணம். நீங்கள் அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்த நட்டத்தை மிச்சத் தக்காளியின் விலையில் ஏற்றுவீர்கள். முப்பது வருடம் இதைத்தான் செய்து வருகிறீர்கள், இது உங்கள் பிழையுமல்ல. எந்தப் பருவத்தில் பறித்தால் பயணம் தாங்கும், எந்தப் பங்கசு அதை அழுக வைக்கிறது, எப்படி அடுக்கி எந்தக் குளிரில் வைத்தால் நாலு நாள் கூட இருக்கும் என்பது பூங்கனியியலில் ஒரு முழுப் பாடம். அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பம் என்று பெயர். உங்கள் மகள் ஆராய விரும்புவது இதைத்தான் என்று என்னிடம் சொன்னார். உங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். "வாப்பாட கடையில பார்த்ததத்தான் சேர் படிக்கப் போறன்" என்றார்.

கடையில் கழிவு மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்ற சின்ன வயதிலேயே அந்தக் கேள்வி பிள்ளையின் மனதில் விழுந்திருக்கிறது. கேள்வியைக் கொடுத்தது நீங்கள். பதிலைத் தேட இரண்டு வருடம் கேட்கிறார். அவ்வளவுதான்.

பதிவு செய்யும் கடைசித் திகதி இந்த மாத முடிவு என்று அறிகிறேன். முடிவு உங்களுடையது, குடும்பத்தின் கஷ்டம் எனக்கும் தெரியும். அடுத்த ஜும்ஆவுக்கு வரும்போது சொல்லுங்கள். செருப்பு எடுக்கிற இடத்திலேயே நிற்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

இதே கேள்வியோடு இருக்கும் வேறு பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள். பிள்ளைகளுக்காக துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.